பெயரின் கடைசி எழுத்து

1990ஆம் ஆண்டு, என் பன்னிரண்டாவது வயதில், போருக்குத் தப்பி, இலங்கையின் மன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறித் தமிழ்நாட்டின் அரிச்சல்முனையில் இறங்கியபோது, அப்பா உடுதுணிகளை விட்டாலும் ஒரு பிஸ்கட் பேணியை விடவில்லை. மாந்தை மேற்கிலுள்ள எங்கள் வளவின் காணி அனுமதிப்பத்திரமும் எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் அதற்குள் இருந்தன. பேணிக்குள் உப்புநீர் புகுந்து பாதி எழுத்துகள் கரைந்திருந்ததை மண்டபம் அகதி முகாமில்தான் கண்டோம்.

பிறகு வேறொரு முகாமில், பத்தடிக்குப் பத்தடி அறையொன்றில், 22 ஆண்டுகள் கழிந்தன. பெயின்ட் வேலைக்குப் போனேன், திருமணம் செய்தேன், இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், அப்பாவை அங்கேயே அடக்கம் செய்தோம். உதவித்தொகையும் அரிசியும் கிடைத்தன. ஊர்ச்சனம் நல்ல சனம். ஆனாலும் வருகைப் பதிவு நாளில் எங்கே வேலையிலிருந்தாலும் ஓடிவந்து கையெழுத்திட வேண்டியிருந்தது. அது ஒரு மனிதனுக்குத் தன்னைப் பற்றி இருக்கும் மதிப்பை மெல்ல மெல்ல அரித்துவிடும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

2012இல் திரும்புவதென்று முடிவெடுத்தோம். ஏழாம் வகுப்பில் படித்த மகள் அழுதாள். அவளுக்கு அதுதான் சொந்த ஊர். பயணச்சீட்டுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் உதவியது. அதற்கு முன்னால் பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. பிறகு தற்காலிகப் பயண ஆவணம், இந்திய அரசின் வெளியேறும் அனுமதி. இவற்றில் முதலாவதிலேயே சிக்கிக்கொண்டோம். ‘ம்’ என்று முடியும் என் பெயரை, மகன் பிறந்தபோது பதிவு செய்தவர் அவ்வூர் வழக்கப்படி ‘ன்’ என்று முடித்து எழுதியிருந்தார். அந்த ஓர் எழுத்தினால் நானும் என் மகனின் தகப்பனும் வெவ்வேறு ஆட்களாகிவிட்டோம். இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுப்பதற்குள் நான்கு மாதக் கூலி போயிற்று.

ஊரில் எங்கள் வளவைப் பார்த்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை, அடையாளமே தெரியவில்லை. மிதிவெடி அகற்றப்பட்ட நிலமென்று சொன்னார்கள். ஆனால் வேலியும் இல்லை, வீடும் இல்லை, ஆள் உயரத்துக்குப் பற்றை. பக்கத்து வளவுக் கிழவர்தான் பொல்லால் தட்டிக்கொண்டு நடந்து, ‘இதிலதான் உங்கட கிணறு’ என்று நின்றார். மூன்று நாள் இறைத்தோம். தகரம், செங்கல், துருப்பிடித்த வாளி, எலும்பு (ஆட்டினுடையது என்று சொல்லிக்கொண்டோம்) எல்லாம் வந்தன. நான்காம் நாள் ஊற்று வாய் திறந்தது. நாடு திரும்பிய உணர்வு எனக்கு விமான நிலையத்தில் வரவில்லை. அந்தக் கலங்கல் தண்ணீரில் முகம் கழுவியபோதுதான் வந்தது.

ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் கொடுத்த இந்திய வீட்டுத் திட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதற்கு விண்ணப்பிக்கக் காணிப் பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திரமோ இறந்துபோன அப்பாவின் பெயரில், அதுவும் கரைந்த எழுத்தில். பிரதேச செயலகக் காணிக் கிளையின் பழைய பேரேட்டில் அந்த இலக்கத்தைத் தேடி எடுக்க ஏழு முறை நடந்தேன். அலைச்சல்தான். ஆனால் எந்தப் படிவத்துக்கு எந்தக் கடிதம் இணைக்க வேண்டும், கிராம அலுவலரிடம் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அலைச்சலில் மனப்பாடமாகிவிட்டன.

அதனால் என்னிடம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெயின்ட் வேலைதான் இன்றும் சோறு போடுகிறது. ஆனால் அலுவலகங்களில் பொதுமக்களைச் சந்திக்கும் ‘பொதுமக்கள் தினத்தில்’ வேலைக்குப் போவதில்லை. பிரதேச செயலக வாசல் வேம்பின் கீழ் இருந்து, இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, தேத்தண்ணீர் வாங்கித் தந்தால் மறுப்பதில்லை. முகாமில் இத்தனை ஆண்டுகள் கையெழுத்திட்ட கை, ஒருவருக்கேனும் பயன்படும் எதையோ எழுதியது இங்கேதான்.

யாராவது பிள்ளையின் பத்திரத்தை நீட்டினால், முதலில் தகப்பன் பெயரின் கடைசி எழுத்தைத்தான் பார்ப்பேன்.