பொய்யா நினைச்சுக்கணுமா மேடம்?

“உங்க சார் உன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்னு ஒரு தடவை நினைச்சுப் பாரேன்” என்றேன். பையன் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், “அவரு இன்னா நினைச்சு சொன்னாருன்னு கிளாஸுக்கே தெரியும் மேடம். நான் மட்டும் பொய்யா நினைச்சுக்கணுமா?” என்று கேட்டான்.

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

செமினாரில் ஓர் ஆங்கிலச் சொல்லை அவன் தப்பாக உச்சரித்திருக்கிறான். ஆசிரியர் அதை அவன் மாதிரியே திருப்பிச் சொல்ல, வகுப்பு சிரித்திருக்கிறது. அதோடு விட்டிருக்கலாம். “ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போயிருந்தா இந்நேரம் சூப்பர்வைசர் ஆகியிருப்பே” என்றும் சொல்லியிருக்கிறார். பையனின் அம்மா அங்கேதான் ஒரு கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறார். ரெக்கார்டு நோட்டை மேசையில் வீசிவிட்டு அவன் வெளியே போய்விட்டான். கோபத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுக்கச் சொல்லி, கல்லூரியில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் அனுப்பினார்கள்.

நான் சொன்னது வாய்க்கு வந்த ஆறுதல் இல்லை. கிராஸ், ஜான் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் பாடம். வந்த உணர்ச்சியை வெளியே காட்டாமல் அடக்கி வைப்பவர்களைவிட, நடந்ததை வேறு கோணத்தில் பார்க்கப் பழகியவர்களுக்குத் தன்மதிப்பும் மனநிறைவும் கூடுதலாக இருப்பதை அதில் காட்டினார்கள். பரீட்சை பயத்தில் வரும் பிள்ளைகளிடம் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு பேப்பர் போனால் வாழ்க்கையே போச்சு என்று நினைக்கும் பெண்ணிடம் அந்த நினைப்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும், முகம் தெளிந்துவிடும். அங்கே நினைப்பில்தான் கோணல். இவன் விஷயத்தில் நினைப்பில் என்ன கோணல் இருந்தது? அவமானம் நிஜமாகவே நடந்தது. அந்தக் கோபம் வராமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது.

2013-இல் இன்னோர் ஆய்வு வந்தது. நம்மால் மாற்ற முடியாத நெருக்கடியில்தான் இப்படிக் கோணம் மாற்றிப் பார்ப்பது உதவும், மாற்றக்கூடிய நெருக்கடியில் அதே திறமை கூடுதல் மனச்சோர்வோடு சேர்ந்து வருகிறது என்று அது சொன்னது. அதை வைத்துப் பார்த்தால் நான் செய்தது சரிதான். இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில் இருக்கும்போது இரண்டாம் ஆண்டுப் பையன் எதை மாற்ற முடியும்? இன்னொரு தடவை நோட்டு பறந்திருந்தால் சஸ்பென்ஷன். அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, துறைத் தலைவர் அறை வாசலில் நின்றிருப்பார். மூச்சை நிதானமாக இழுத்துவிடச் சொன்னதும், எழுந்து போகும் முன் தண்ணீர் குடிக்கச் சொன்னதும் அதைத் தடுத்தன. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அவனால் மாற்ற முடியாததைக் கல்லூரியால் மாற்ற முடியுமே. அந்த ஆசிரியரிடமும் பேசினேன். “நாங்க வாங்காத திட்டா மேடம்? அதனாலதான் இன்னிக்கு இங்க நிக்கிறோம்” என்றார். அவரும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர், மனதாரத்தான் சொன்னார். அதற்கு மேல் நான் போகவில்லை. போயிருந்தால் பையனுக்கு என்ன ஆகியிருக்குமோ என்ற பயம் எனக்கு உண்டு, அது நியாயமான பயம்தான் என்றே நினைக்கிறேன்.

தன்மதிப்பை அளக்க ரோசன்பெர்க் 1965-இல் கொண்டுவந்த பத்துக் கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. நியூயார்க் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து உருவாக்கியது. அதன் தமிழ் வடிவத்தை அவனிடம் கொடுத்திருந்தேன். பெருமைப்பட என்னிடம் அதிகமாக ஒன்றும் இல்லை என்கிற வரிக்கு மட்டும் டிக் போடாமல், பக்கத்தில் பென்சிலால் ‘கிளாஸ்லயா, வீட்லயா?’ என்று எழுதியிருந்தான். அதற்கு மார்க் போடப் படிவத்தில் இடமில்லை. வீட்டில் இவன்தான் முதல் பட்டதாரியாகப் போகிறவன். தங்கைக்குக் கணக்கு சொல்லித்தருகிறவன், அம்மாவின் பேங்க் வேலையெல்லாம் பார்க்கிறவன். அங்கே அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது அவன் ரொம்ப அமைதி. துறையில் எல்லோருக்கும் திருப்தி, பையன் நல்லா மாறிட்டான் என்கிறார்கள். செமினார் என்றால் பின் பெஞ்சு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். என்னைப் பார்த்தால் சிரிக்கிறான், நல்லாத்தான் பேசுகிறான். கோணம் மாறியதா, அடக்கி வைக்கப் பழகிவிட்டானா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அவனிடமே கேட்கலாம். கேட்டால் எனக்காக “சரியா இருக்கேன் மேடம்” என்றுதான் சொல்வான்.

ஜூனில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உணர்ச்சிகளைக் கையாள்வது பற்றி நான்தான் வகுப்பு எடுக்க வேண்டும். வேறு கோணத்தில் யோசி என்கிற ஸ்லைடை நீக்க எனக்கு மனம் வரவில்லை, அது பலருக்கு உதவியிருக்கிறது. இந்த முறை ஆசிரியர்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.