கோடநாட்டில் ஒரு பகல்

மலை என்றால் எனக்கு ஏறுவதுதான். வெள்ளியங்கிரியின் ஏழாவது மலைவரை மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு போய் வந்தவள். முழங்காலில் லிகமென்ட் கிழிந்து அறுவை சிகிச்சையும் ஆனபிறகு, ஏற்ற இறக்கமே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஏற முடியாத மலையைப் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டிலேயே கிடந்தேன். அக்காதான் விடாப்பிடியாகக் கோத்தகிரிக்கு இழுத்துப் போனாள்.

அது கார்த்திகை மாதம். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கைத் தொட்டபெட்டா முகடுகளே வாங்கிக்கொள்வதால், கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. தேயிலைத் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் நனைந்து நின்றன. சுமார் 18 கி.மீ. தள்ளி கோடநாடு காட்சிமுனை. போய் இறங்கினால் எதிரே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. எங்களோடு வந்தவர்கள் அந்த வெள்ளையின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். என் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாகத் திரும்ப முடியாது. டீ விற்றவர், "உக்காருங்கக்கா, காத்து திரும்புனா வெலகிடும்" என்றார். உட்கார்ந்தேன்.

முதலில் கம்பித் தடுப்புக்கு அப்பால் இருந்த புல் தெரிந்தது. அப்புறம் ஒரு பாறை விளிம்பு. பிறகு, எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளி, ரங்கசாமி தூண். சுமார் 400 அடி உயரத்துக்குச் செங்குத்தாகத் தனியே நிற்கும் பாறை அது. பக்கத்திலேயே இருளர்கள் வழிபடும் ரங்கசாமி மலை. மேகம் தூணின் இடுப்பைச் சுற்றிப் போனது, தலை மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது, திரும்ப மூடிக்கொண்டது.

திடீரென்று கீழே திறந்தது. ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஆழத்தில் மாயாறு நெளிந்து நெளிந்து பவானிசாகர் நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகிறது. மேகங்களின் நிழல்கள் காட்டின் மேல் ஊர்ந்தன. ஒரு நிழல் ஆற்றைக் கடக்கும்போது அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கறுத்து, அது நகர்ந்ததும் மறுபடி மின்னியது. காட்டுக்கு நடுவே பச்சையாக ஒரு திட்டு: தெங்குமரஹாடா. நீலகிரி மாவட்டத்து ஊர்தான். ஆனால் சாலை வழியாகப் போக, மலையை விட்டு இறங்கிப் பவானிசாகரைச் சுற்றிக் காட்டுக்குள் போக வேண்டும். பேருந்தும் மாயாற்றங்கரையோடு நின்றுவிடும், அதற்குமேல் பரிசல்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் கர்ப்பிணிகளும் நோயாளிகளும் படும் பாட்டைச் செய்திகளில் படித்திருக்கிறேன். மேலிருந்து பார்க்கும்போது அதெல்லாம் தெரிவதில்லை. அழகாக மட்டும்தான் தெரிகிறது, அது கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

யோசித்துப் பார்த்தால், ஏறித் திரிந்த காலத்தில் நான் மலையைப் பார்த்ததே இல்லை. வெள்ளியங்கிரியில் ராத்திரி முழுக்கப் பார்த்தது டார்ச் வெளிச்சத்தில் அடுத்த படியையும் முன்னால் போகிறவரின் குதிகாலையும்தான். உச்சியில் ஒரு கும்பிடு, உடனே இறக்கம்.

மலையைப் பார்த்ததும் கவலை பறந்துவிட்டது என்று கதைவிட மாட்டேன். குளிருக்கு முழங்கால் இன்னும் அதிகமாகத்தான் வலித்தது. ஆனால் மாதக்கணக்காக அந்த வலியை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தவளால், வெகுநேரம் வேறொன்றைக் கவனிக்க முடிந்தது. டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. கிளம்பும்போது அக்கா வழக்கம்போலக் கையை நீட்டினாள். "நீ முன்னால போ" என்று சொல்லிவிட்டு, தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நானே வந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவள் மேலே நின்று முறைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தெங்குமரஹாடாவைக் கீழிருந்து பார்க்க ஆசை வந்திருக்கிறது. வெளியாட்கள் போக வனத்துறை அனுமதி வேண்டும். பரிசலில் ஏறி இறங்க முழங்கால் மடங்கவும் வேண்டும், அதனால் பிசியோதெரபியை மறுபடி ஒழுங்காகத் தொடங்கியிருக்கிறேன்.