ஆகாயத்தாமரைய அள்ளுனா மட்டும் போதாது

இன்னிக்கு ஏரி சுத்தம் பண்ண 40 பேருக்கு மேல வந்தாங்க, மனசு நெறைஞ்சிருச்சு. ஒரு ஆகாயத்தாமரைய இழுத்தா வேரு கொத்தா, கருப்பா, சேறு புடிச்சு முழங்கை நீளத்துக்கு வருது, அவ்ளோ கனம்.

ஆனா இது 2 வாரத்துல ரெட்டிப்பாகுற செடிங்க, சாக்கடைல வர்ற நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதுக்கு சாப்பாடு, விதை வேற சேத்துக்குள்ள வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும், அப்போ சாக்கடைய நிறுத்தாம நாம அள்ளிக்கிட்டேதான் இருக்கணும். போட்டோ எடுத்ததோட கலைஞ்சிடாம அடுத்த வார்டு கூட்டத்துக்கும் இதே ஆளுங்க வாங்க ப்ளீஸ், கழிவுநீர் எங்கேர்ந்து வருது, சுத்திகரிச்சுதான் விடுறாங்களான்னு கேட்டு தீர்மானமா எழுத வைக்கணும்.

அப்புறம் அள்ளுனத கரையிலயே விட்டுடாதீங்க, மழை பெஞ்சா அழுகி அதே சத்து திரும்ப தண்ணிக்குள்ளதான் போகும்.