கூடலூர் சிஸ்டரிடம் எடுத்த நேர்காணல்

அனுபவம் மிக்க செவிலியர் ஒருவரை நேர்கண்டு அறிக்கை எழுத வேண்டும் என்று பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டில் எங்களுக்குச் சொன்னார்கள். என் சொந்த ஊர்ப் பக்கமான நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலேயே ஒருவரைத் தேடினேன். கல்லூரிக் கடிதத்தைக் கொடுத்து அனுமதி வாங்க ஒரு வாரம் ஆயிற்று. எனக்கு நேரம் ஒதுக்கியவர், பிரசவ வார்டில் பணியாற்றும், 22 ஆண்டுகள் சர்வீஸ் உள்ள சிஸ்டர். ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பை முடித்துத் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பல ஆண்டுகள் காத்திருந்த பிறகே காலமுறை ஊதியத்துக்கு வந்தவர்.

முதல் சந்திப்பு சரியாக அமையவில்லை. இந்தப் பணியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், நல்ல செவிலியருக்கு என்னென்ன பண்புகள் வேண்டும் என்று பாடப்புத்தகத்தைப் பார்த்து இருபது கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். ஆனால் ஒவ்வொரு பதிலும் ஒரே வரியில் முடிந்தது. செல்போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்மா, எழுதிக்கொள்" என்றார். இருபது கேள்விகளும் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன.

மறுநாள் அவருடைய அனுமதியோடு வார்டில் ஓர் ஓரமாக நின்று பார்த்தேன். நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரின் வயிற்றில் கை வைப்பதற்கு முன், அவர் தம் உள்ளங்கைகளை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, கன்னத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டார். வேலை முடிந்ததும் அதைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். "குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகிவிடும்மா. அப்புறம் குழந்தையின் தலை எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்?" என்றார். அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவரே பேசினார்.

108 ஆம்புலன்ஸ் தமிழகத்துக்கு வந்தது 2008-ஆம் ஆண்டில். அதற்கு முந்தைய ஒரு மழைக்கால இரவில், பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் மருந்து போட்டாயிற்று, ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கருப்பை சுருங்குவதும் மறுபடி தளர்வதுமாக இருந்ததால், சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை முழுவதும் அடிவயிற்றில் கை வைத்துத் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறார். "கைக்குக் கீழே கல் மாதிரி இருந்தால் மூச்சு விடுவேன், மெத்தென்று ஆனால் மறுபடி தேய்ப்பேன்" என்று சொன்னபோது, அவருடைய வலது கை மேசையின் மேல் தானாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். கருப்பைத் தளர்ச்சியைப் பற்றித் தேர்வில் நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அது கைக்கு எப்படித் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் சோகையைப் பற்றியும் பேசினார். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து, கடும் வலியைத் தரும் பரம்பரை நோய் அது. குளிரும், உடலில் நீர் குறைவதும் அந்த வலியைத் தூண்டும் என்பதால், மலையில் மழைக்காலம் அவர்களுக்குக் கடினமானது. வெளியே காயமோ வீக்கமோ தெரியாததால், வலி என்று வருபவர் நடிக்கிறார் என்று எண்ணுபவர்களை நினைத்தால் அவருக்கு இன்றும் கோபம் வருகிறது. கம்பளி போர்த்தி, நீர் கொடுத்து, வலிநிவாரணிக்கு மருத்துவரை உடனே அழைக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி என்னை எழுத வைத்தார்.

அறிக்கை எழுதும்போது ஜீப்பில் அழைத்துச் செல்லப்பட்ட அந்தப் பெண்ணின் ஊரையும் ஆண்டையும் விட்டுவிட்டேன். சிறிய ஊர்களில் அவ்வளவு தகவல் போதும், யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். சமர்ப்பிப்பதற்கு முன் சிஸ்டரிடம் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: அவருடைய கை நழுவாதபடி ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பை மெதுவாகத் திருப்பிய ஓட்டுநரை நான் விட்டிருந்தேன். அவரைச் சேர்த்து அந்தப் பக்கத்தை மீண்டும் எழுதினேன்.