சிவப்புப் பந்து, வெள்ளைப் பந்து: ஒரு நெல்லை நாட்குறிப்பு

2024 ஜூன் 30, ஞாயிறு

நேற்று ராத்திரி பார்படாஸில் 20 ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியாவை வெல்லத் தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் வேண்டும். 6 விக்கெட் கையில். 16-ஆவது ஓவரில் பும்ரா கொடுத்தது 4. அடுத்த ஓவரின் முதல் பந்திலேயே ஹர்திக்கிடம் கிளாசன் அவுட். அந்த ஓவரிலும் 4. 18-ஆவதில் பும்ரா 2 ரன்தான் கொடுத்தார், யான்சன் போல்டு. 19-ஆவதில் அர்ஷ்தீப் 4. கடைசி ஓவருக்கு 16 பாக்கி. மில்லர் தூக்கி அடித்ததை எல்லைக்கோட்டில் சூர்யகுமார் பிடித்தார். 7 ரன்னில் கோப்பை.

"இதுதாம்லே ஆட்டம். அஞ்சு நாளு எவன் உக்காந்து பாப்பான்?" என்பது இங்கே டீக்கடைப் பேச்சு. கோப்பை வந்த சந்தோஷம் எனக்கும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த 5 ஓவரையும் திரும்பப் போட்டுப் பாருங்கள். முன்னால் வந்து அடிக்கவும் முடியாமல், பின்னால் போய் வெட்டவும் முடியாமல் பும்ரா பந்தைக் குத்த வைத்த அந்த நீளம், வருஷக்கணக்காக டெஸ்டின் சிவப்புப் பந்தில் பழகிய நீளம். குறும் ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது நெடும் ஆட்டத்தின் கை.

2024 ஜூலை 21, ஞாயிறு

ஆடிக் காற்று. தமிழ்நாட்டின் 20 ஓவர் லீக்கான டிஎன்பிஎல் காலத்தில் தாழையூத்து சங்கர் நகர் மைதானத்துக்குப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். இந்த மாதங்களில் மேற்கேயிருந்து காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். காற்றோடு போகும் பக்கம் அரைகுறையாகப் பட்ட பந்தும் சிக்ஸர் ஆகும். எதிர்ப்பக்கம் நன்றாகப் பட்டதும் கோட்டுக்கு உள்ளேயே இறங்கும். கேப்டன் எந்த முனையில் சுழற்பந்தைக் கொடுக்கிறார் என்று பாருங்கள். காற்றை எதிர்த்து வீசினால் பந்து மிதந்து, எதிர்பார்த்த இடத்துக்கு முன்னாலேயே விழும். தூக்கி அடிக்க வந்தவர் ஏமாறுவார். முதல் 6 ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே 2 ஃபீல்டர்கள்தான், அதன்பிறகு 5. ஒரு பந்துவீச்சாளருக்கு 4 ஓவருக்கு மேல் கிடையாது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் 20 ஓவர் ஆட்டத்திலும் யோசிக்க நிறைய இருக்கிறது. சிக்ஸரை மட்டும் எண்ணிவிட்டு எழுந்து போகிறவர்கள் பாதி ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்கள்.

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

சேப்பாக்கம் டெஸ்ட் நாலாம் நாள் காலையிலேயே முடிந்தது. வங்கதேசத்தை 280 ரன்னில் வென்றோம். முதல் நாள் 144-க்கு 6 என்று கிடந்த அணியை அஸ்வினும் ஜடேஜாவும் 199 ரன் சேர்த்துத் தூக்கினார்கள். அஸ்வின் 113, பிறகு பந்திலும் 88 ரன்னுக்கு 6.

"நாள் முழுக்க கட்டை போடுதான், இதுல என்னத்தப் பாக்க?" என்று கேட்கும் பையன்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்கோரை விடு, பந்தைப் பார். இந்திய டெஸ்டுகளில் வீசும் எஸ்ஜி பந்தின் தையல் கையால் போட்டது, எடுப்பாக நிற்கும். முதல் ஒரு மணி நேரம் அந்தத் தையலில் விழுந்துதான் பந்து விலகும். பளபளப்பு குறையக் குறைய ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து வைப்பார்கள். பின்னால் அது தலைகீழாக ஸ்விங் ஆகும், அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளையும். 80 ஓவர் ஆனதும் புதுப் பந்து எடுக்கலாம். 70-ஆவது ஓவரிலிருந்து கேப்டன் யாரை ஓய்வில் வைக்கிறார் என்று பார்த்தால் அடுத்த திட்டம் தெரிந்துவிடும். வலக்கை வேகப்பந்து வீச்சாளர்களின் கால்தடம் இடக்கை ஆட்டக்காரரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே மண்ணைப் பெயர்த்துப் போடும். மூன்றாம் நாளுக்கு மேல் ஆஃப் ஸ்பின்னர் குறிவைப்பது அந்தப் பெயர்ந்த மண்ணை. இந்த முதுமை 20 ஓவரில் பந்துக்கும் வராது, ஆடுகளத்துக்கும் வராது.

2024 அக்டோபர் 1, செவ்வாய்

வங்கதேசத்தோடு இரண்டாவது டெஸ்ட். கான்பூரில் முதல் நாள் 35 ஓவர்தான் நடந்தது. அடுத்த இரண்டு நாளும் ஒரு பந்துகூட இல்லை. ஆனாலும் இந்தியா ஜெயித்தது! முதல் 50 ரன் 3 ஓவரில், 34.4 ஓவரில் 285 எடுத்து, 9 விக்கெட் இழப்போடு டிக்ளேர். 20 ஓவர் பழக்கம் டெஸ்டைக் கெடுத்துவிட்டது என்று புலம்பும் பெரியவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும். அந்த அடி இல்லையென்றால் இது டிராதான்.

2024 அக்டோபர் 17, வியாழன்

பெங்களூர் டெஸ்டில் நியூசிலாந்திடம் இந்தியா 46-க்கு ஆல் அவுட். மழை மேகத்துக்குக் கீழே முதலில் பேட்டிங் எடுத்து, நகரும் பந்தை நின்று விளையாட முடியாமல் போனது. கான்பூரில் கைகொடுத்த அடிக்கு இது மறுபக்கம்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

மாநில அணிகளின் சிவப்புப் பந்துப் போட்டியான ரஞ்சிக் கோப்பையில், நாக்பூர் கால் இறுதியில் விதர்பாவிடம் தமிழ்நாடு 198 ரன்னில் தோற்றது. வலிக்கிறது. சையத் முஷ்டாக் அலி 20 ஓவர் கோப்பையை நாம் மூன்று முறை எடுத்திருக்கிறோம். ரஞ்சி இரண்டே முறை: 1954-55, 1987-88. கடைசி ரஞ்சிக் கோப்பைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கே இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ரஞ்சி லீக் ஆட்டங்களைப் பின்தொடரப் புள்ளிக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நேரடி வெற்றிக்கு 6. இன்னிங்ஸ் அல்லது 10 விக்கெட் வெற்றி என்றால் 7. டிரா ஆனால் முதல் இன்னிங்ஸ் முன்னிலை பெற்றவருக்கு 3, மற்றவருக்கு 1. அதனால்தான் மூன்றாம் நாள் சாயங்காலம் பத்தாவது விக்கெட் ஜோடி முன்னிலைக்கு வேண்டிய 20 ரன்னுக்காகக் கட்டை போடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம்.

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

பிசான அறுவடை முடிந்த வயல்களில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் தொடங்கிவிட்டது. 6 ஓவர், 8 ஓவர், சுழற்கோப்பை. நம் ஊர் ரசிகரின் கண் பழகுவது இங்கேதான். டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் கீழே. தையல் போட்ட தோல் பந்தான ஸ்டிச் பால் 155.9 முதல் 163 கிராம் வரை. தையல் இல்லாத பந்துக்கு லெக் பக்கம் ஒதுங்கிச் சுற்றினால் போதும், பந்தை அடிக்காமல் விட்டு ஆடப் பழகவே வேண்டாம். விளையாடிப் பார்க்காத ஒன்றை ரசிக்கச் சொன்னால் எப்படி ரசிப்பான்? குறை பையன்களிடம் இல்லை. பள்ளி லீவில் இரண்டு நாள் சிவப்புப் பந்து ஆட்டம் ஒன்று ஒவ்வொரு ஊரிலும் வைக்கலாம்.

அதற்கு மேட் விக்கெட், அதாவது பாய் விரித்த ஆடுகளம் போதும். 22 கஜம் அளந்து, கல் பொறுக்கி, களிமண் தளத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட வேண்டும். மண் கையில் ஒட்டாத பதம் வந்ததும் ரோலர் ஓட்டலாம். ஈரத்தில் ஓட்டினால் மண் உருளையோடு வரும். மேட்டின் ஒரு முனையை முதலில் ஆணியடித்து, மறுமுனையை நாலு பேர் இழுத்துப் பிடித்தபின் பக்கங்களை அடிக்க வேண்டும். தொய்வு இருந்தால் ஒரே நீளத்தில் ஒரு பந்து உருளும், அடுத்தது முகத்துக்கு வரும். ஆணித்தலை வெளியே தெரியக் கூடாது. ஸ்பைக் ஷூ வேண்டாம், ரப்பர் அடி போதும்.

வெயிலுக்குக் காலை 7 முதல் 11, பிறகு 3 முதல் 6. முதல் இன்னிங்ஸுக்கு 40 ஓவர் வரம்பு. இரண்டு நாள் ஆட்டத்தில் ஃபாலோ-ஆனுக்கு, அதாவது எதிரணியை உடனே மறுபடி ஆட வைக்க, 100 ரன் முன்னிலை வேண்டும். முடிவு வராவிட்டால் முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்கே கோப்பை. இன்னிங்ஸுக்கு ஒன்றாக 4 புதுப் பந்து. வாய்க்காலில் தொலைந்தால் மாற்ற, அதே அளவு தேய்ந்த பழசு இரண்டு நடுவர் பையில் இருக்கட்டும்.