மகரக்கட்டு: மதுரை பாய்ஸ் கம்பெனிக் குறிப்புகள்

ஜூன் 3

சிறுவர்களை வைத்து நடத்திய நாடகக் குழுதான் பாய்ஸ் கம்பெனி. அதன் பேரைச் சொன்னாலே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, அதில் வளர்ந்த எம்.ஜி.ஆர். என்று பேச்சு போய்விடும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் இதே ஊரில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை விட்டுவிடக் கூடாது. அங்கே சேர்ந்தபோது, பின்னால் நாடக நடிகராகப் பேரெடுத்த டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு.

அந்த வயதுக்கு ஏடு உதவாது. வாத்தியார் ஓரடி சொல்வார், பையன் திருப்பிச் சொல்வான். பாட்டு மனதில் நின்றபின்தான் வசனம். பக்கத்து வேஷக்காரனின் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவே இன்னொருவன் அரிதாரம் பூசுவான்.

ஜூன் 6

பையன்களின் சுருதி ஏறக்குறைய ஐந்து கட்டை, ஹார்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டை. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கு எட்டியது அந்த உச்சக் குரல்தான். பெண் வேஷமான ஸ்திரீபார்ட்டுக்கும் அதுவே மூலதனம்.

பதின்மூன்று, பதினான்கில் குரல் உடையும் மகரக்கட்டு வரும். குரல்வளை வளர்ந்து நாண்கள் நீண்டு தடிக்கும். சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ‘ச’விலிருந்து கீழ் ‘ச’ வரை, இறங்கும். நேற்று நின்ற மேல் ஷட்ஜம் (‘ச’) இன்று பிளக்கும். பழைய கட்டையிலேயே பிடிவாதமாகப் பாட வைத்தால் தொண்டை கம்மிக்கொள்ளும், பொய்க்குரல் பழக்கமாகிவிடும். செய்ய வேண்டியது, உச்சத்தை விட்டு, வலிக்காத இடத்தில் மெல்லப் பாடி, புது ஆதார சுருதி நிலைக்கும்வரை சில மாதம் பொறுப்பது. தினம் நாடகம் போட்டுப் பிழைக்கும் கம்பெனிக்கு அந்தப் பொறுமை ஏது? ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷம், கட்டிய பையன் எடுபிடி வேஷத்துக்கு இறங்குவான், இல்லையென்றால் வெளியேறுவான்.

ஜூன் 7

சிலம்பம், கத்திச்சண்டை தெரிந்தவனுக்குப் பாட்டுப் போனாலும் மேடையில் இடம் உண்டு.

ஜூன் 14

ஆரம்பப் பேசும்படங்களுக்கும் சொந்தக் குரல் வேண்டியிருந்தது. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்த பி.யு. சின்னப்பா, 1940-இல் உத்தம புத்திரனில் இரட்டை வேடம் போட்டபோதும் தாமே பாடினார். மேடைப் பழக்கம் மைக்கிடம் இடறும்: கடைசி வரிசைக்கு எறிகிற குரல் ஒலிப்பதிவில் கரகரக்கும், வசனத்தின் நடுவே முகம் திரும்பினால் சொல்லே விழாது.

எம்.ஜி.ஆர். 1936-இல் சதி லீலாவதியில் சிறு வேஷத்தில் தலைகாட்டி, ராஜகுமாரியில் நாயகனாக 1947 ஆயிற்று.

அதற்குள் பின்னணிப் பாட்டு வேரூன்றிவிட, கட்டைக் கணக்கும் போனது. பாலர் நாடகக் கம்பெனியில் சீதை வேஷம் கட்டிய சிவாஜி கணேசன் 1952-இல் பராசக்திக்கு வந்தார். பாட்டுக்கு சி.எஸ். ஜெயராமன் குரல் கொடுத்தார். கம்பெனியில் படித்த பாடத்தில் வசனம் மட்டும் அவர் வாயில் இருந்தது.