கிட்டப்பார்வையும் மனக்கண்ணும்

என் கண்ணாடியின் பவர் மைனஸ் ஆறு. அதைக் கழற்றிவிட்டால், முகத்திலிருந்து ஏறத்தாழ 17 சென்டிமீட்டருக்கு அப்பால் இருக்கும் எதுவும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் வெளிறிய ஒரு வட்டமாக மட்டுமே தெரியும். ஆனால் அப்படியே கண்களை மூடிக்கொண்டு அந்தக் கடிகாரத்தை நினைத்துப் பார்த்தால், முட்களும் எண்களும் துல்லியமாக வந்து நிற்கின்றன. கிட்டப்பார்வை என்பது கண்ணுக்குள் நுழையும் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுவதால் வரும் குறை. மூடிய கண்ணில் குவிவதற்கு ஒளியே இல்லை என்பதால், மனக்காட்சிக்குக் கண்ணாடி தேவைப்படாததில் வியக்க ஒன்றுமில்லை.

என்னை யோசிக்க வைத்தது அந்தத் துல்லியம்தான். கடிகாரத்தில் உள்ள 4 என்ற எண்ணின் மேற்பகுதி திறந்திருக்கிறதா, முக்கோணமாக மூடியிருக்கிறதா என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. கேட்பதற்கு முன்புவரை பன்னிரண்டு எண்களும் பளிச்சென்று தெரிவதாகவே நம்பிக்கொண்டிருந்தேன். நேரில் பார்க்கும் பொருளை உற்றுக் கவனித்தால் புதிதாக ஏதாவது அகப்படும். மனக்காட்சியை எவ்வளவுதான் உற்றுப் பார்த்தாலும், நாம் முன்பே அறிந்திருந்ததற்கு மேல் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. மூளை தனக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு அவ்வப்போது கட்டியெழுப்பும் ஒன்றைத்தான் நாம் படம் என்று எண்ணிக்கொள்கிறோம் என்பது என் கருத்து.

அதற்காகக் கண்ணுக்கும் மனக்காட்சிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெயில் கொளுத்தும் வானத்தைக் கற்பனை செய்பவரின் கண்பாவை சற்றுச் சுருங்குகிறது, இருட்டறையைக் கற்பனை செய்தால் விரிகிறது என்று ஆஸ்லோ ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் காட்டினார்கள். மனத்தில் காட்சியே தோன்றாதவர்களும் இருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டில் ஆடம் ஸீமன் என்னும் நரம்பியல் மருத்துவர் இந்த இயல்புக்கு அஃபான்டேசியா என்று பெயரிட்டார். இத்தகையோரை வைத்து 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், உண்மையான வெளிச்சத்துக்கு அவர்களுடைய கண்பாவைகள் வழக்கம்போல் சுருங்கின. வெளிச்சமான உருவங்களைக் கற்பனை செய்யச் சொன்னபோதோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பழுதில்லாத கண்பார்வை இருந்தும் மனக்கண் இருளாகவே இருக்கலாம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. கண்பார்வை மங்கிய பிறகு, இல்லாத காட்சிகள் தாமாகவே தோன்றத் தொடங்குவதை சார்ல்ஸ் பானே என்ற சுவிஸ் அறிஞர் 1760ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறார். பார்வை குன்றிய அவருடைய தாத்தா, மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தம் முன்னால் தோன்றி மறைவதைக் கண்டார். அவை உண்மையல்ல என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இவை விரும்பி வரவழைத்த மனக்காட்சிகள் அல்ல என்பதால், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பார்வையை முற்றிலும் இழந்தவர்களிடம் என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஏறத்தாழ ஐந்து வயதுக்கு முன் பார்வை இழந்தவர்களின் கனவில் காட்சிகள் வருவதில்லை என்றும், ஏழு வயதுக்குப் பின் இழந்தவர்களின் கனவில் அவை நீடிக்கின்றன என்றும் ஜோசப் ஜாஸ்ட்ரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1888ஆம் ஆண்டிலேயே எழுதினார். அப்படியானால், வளர்ந்த பின் பார்வை இழப்பவர்கள் அனைவரிடமும் மனக்காட்சி கடைசிவரை தங்கிவிடும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜான் ஹல்லின் அனுபவம் அப்படி அமையவில்லை. நாற்பது வயதைக் கடந்த பின் பார்வையை முழுமையாக இழந்த அவருக்கு, சில ஆண்டுகளிலேயே தமக்கு நெருங்கியவர்களின் முகங்கள்கூட மனத்தில் தோன்றாமல் போயின. 3 என்ற எண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்பதையே விரலால் காற்றில் எழுதிப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதாவது, அந்த எண்ணைப் பற்றிய அறிவு அவருடைய கையில் இருந்தது, காட்சியாக மட்டும் இல்லை.

இதற்கு நேர்மாறானவர் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஸோல்டன் டோரே. 1951ஆம் ஆண்டில், 21 வயதில், தொழிற்சாலை விபத்தொன்றில் அமிலம் பட்டுப் பார்வை போன அவர், மனக்கண்ணைக் கைவிடச் சொன்ன அறிவுரையை ஏற்காமல் அதை விடாப்பிடியாகப் பழக்கினார். தம் வீட்டுக் கூரையின் மழைநீர்க் குழாய்களைத் தாமே தனியாக மாற்றிப் பொருத்தும் அளவுக்கு அவருடைய மனக்காட்சி பயன்பட்டது; அந்த வேலையை இரவு நேரத்தில் அவர் செய்ததைக் கண்டு அண்டை வீட்டார் பதறினார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்குப் பகலென்ன, இரவென்ன. ஆனாலும் மனத்தில் தோன்றும் எந்தக் காட்சியையும் அவர் உடனே நம்பிவிடவில்லை. தொட்டோ கேட்டோ வேறு வழியில் ஒரு தகவல் வந்து அதை உறுதிப்படுத்தும்வரை, தற்காலிகமான ஊகமாகவே அதை வைத்திருந்தார்.